கதவைத் தட்டும் மகளுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?



இரவு பதினொரு மணி. ஊர் அடங்கிவிட்டது. உங்கள் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. திறந்து பார்க்கிறீர்கள். ஆறு வருடங்களுக்கு முன் நிக்காஹ் செய்து கொடுத்த மகள் நிற்கிறாள். இடுப்பில் சின்னவன். கையைப் பிடித்தபடி மூத்தவள். காலில் செருப்பில்லை. முந்தானையால் ஒரு பக்கக் கன்னத்தை மறைத்திருக்கிறாள்.

அவள் வாய் திறக்கும் முன்பே உங்கள் உள்ளத்தில் ஆயிரம் கேள்விகள். 'பக்கத்து வீட்டார் கண்டிருப்பார்களோ? இவள் வாப்பாவுக்கு என்ன சொல்வது? இளையவளுக்குப் பேசி வைத்திருக்கும் சம்பந்தம் என்னாகும்?'

பிறகு நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை எது?

"பொறுமையாக இரு மகள். ஆம்பிளைகள் அப்படித்தான். விடிந்ததும் நானே கொண்டுபோய் விடுகிறேன்."

நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் பதில் இதுதான். இதைச் சொல்லும் உம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. மகளின் வாழ்வு உடைந்துவிடக் கூடாதே என்ற பதைப்பில்தான் சொல்கிறாள். ஆனால் அந்த ஒரு பதிலில் இரண்டு பேர் இரண்டு பாடங்களைப் படித்துக் கொள்கிறார்கள். இனி இந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை என்று மகள் படித்துக் கொள்கிறாள். என்ன செய்தாலும் இவளைத் திருப்பி அனுப்பி விடுவார்கள் என்று மருமகன் படித்துக் கொள்கிறான்.

இந்த மாதம் நாம் பேசப்போவது அந்தக் கதவைப் பற்றித்தான்.

அடி மட்டும்தானா வன்முறை?

வீட்டு வன்முறை என்றதும் நம் கண்முன் வருவது வீங்கிய கன்னமும் உடைந்த பல்லும்தான். அது வன்முறையின் ஒரு முகம் மட்டுமே. சற்று நிதானித்துப் பாருங்கள்.

வெளிநாட்டில் நான்கு வருடம் பாடுபட்டு அவள் அனுப்பிய காசுக்குக் கணக்குக் கேட்டால் கை ஓங்குகிறான். தாலிக்கொடியும் காப்பும் அவளைக் கேட்காமலே அடகுக் கடைக்குப் போகின்றன. உம்மா வீட்டுக்குப் போகக் கூடாது, ராத்தாவுடன் பேசக் கூடாது என்று கட்டளை. கைத்தொலைபேசியை ஒவ்வொரு இரவும் வாங்கிச் சோதிக்கிறான். பிள்ளைகள் முன்னால் அவளை மிருகத்தின் பெயர் சொல்லி அழைக்கிறான். "மூன்று வார்த்தை சொன்னால் நீ நடுத் தெருவில்" என்று வாரத்துக்கு ஒருமுறை பயமுறுத்துகிறான். உடல் நலமில்லை என்று அவள் சொன்னாலும் படுக்கையில் பலவந்தம் செய்கிறான். சில வீடுகளில் இவற்றைச் செய்வது கணவன் மட்டுமல்ல. மாமியும் மதினியும் சேர்ந்து கொள்கிறார்கள்.

கணவன் மனைவிக்கிடையே சண்டை வராத வீடு உண்டா என்று கேட்பீர்கள். உண்மைதான். சண்டை எல்லா வீட்டிலும் வரும். ஆனால் சண்டைக்கும் வன்முறைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சண்டையில் இருவரும் பேசுகிறார்கள், இருவரும் கோபிக்கிறார்கள், மறுநாள் இருவரும் மறக்கிறார்கள். வன்முறையில் ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழ்கிறார். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒரு பெண் கை நடுங்கப் பாத்திரத்தைக் கீழே வைக்கிறாள் என்றால், பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு அறைக்குள் ஓடுகிறார்கள் என்றால், அந்த வீட்டில் நடப்பது சாதாரணச் சண்டையல்ல.

"அவருக்குக் கோபம் வந்தால் தன்னை மறந்து விடுவார்" என்று சமாதானம் சொல்கிறோம். அதே மனிதர் கடை முதலாளியிடம் ஏச்சு வாங்கும்போது தன்னை மறப்பதில்லையே? பள்ளிவாசலில், சந்தையில், பொலிஸ்காரர் முன்னால் எத்தனை பணிவு! கோபத்தை எங்கே காட்டலாம், எங்கே காட்டக் கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. அடித்த மறுநாள் பல வீடுகளில் ஒரு புதிய மாப்பிள்ளை வருவார். அழுவார், மன்னிப்புக் கேட்பார், சாரி வாங்கி வருவார், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். அவளும் நம்புவாள். சில வாரங்களில் முகம் மெல்லக் கறுக்கும், சிறு குற்றமெல்லாம் பெரிதாகும், மறுபடி அடி விழும். இந்தச் சுற்று நிற்காமல் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் அடி கொஞ்சம் பலமாகும்.

எத்தனை வீடுகளில்?

'இது படிக்காத ஏழைகள் வீட்டு விவகாரம்' என்று ஒதுக்க முடியாது. நம் நாட்டின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் ஓர் ஆய்வு நடத்தியது. திருமண உறவிலோ துணையுடனோ வாழ்ந்த பெண்களில் 20.4 வீதத்தினர் தம் வாழ்நாளில் துணைவரால் உடல்ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று அது கண்டறிந்தது. அதாவது ஐந்து பேரில் ஒருவர்! அடுத்த முறை ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில் சஹனைச் சுற்றி ஆறு பேர் அமரும்போது இதை நினைத்துப் பாருங்கள். உங்கள் சஹனிலும் ஒருத்தி இருக்கக் கூடும்.

ஏன் அவள் வெளியேறவில்லை?

"இவ்வளவு அடிக்கிறானென்றால் ஏன் அவனோடு இருக்கிறாள்?" என்று நாம் எளிதாகக் கேட்டு விடுகிறோம். அவள் இடத்தில் நின்று யோசியுங்கள். கையில் காசில்லை. போக இடமில்லை. பிள்ளைகளைப் பறித்துக் கொள்வேன் என்கிறான். நீ போனால் உன் தங்கச்சிகளை யார் கட்டுவார்கள் என்று ஊர் கேட்கிறது. "வாழாவெட்டி" என்ற பட்டம் காத்திருக்கிறது.

கிழக்கிலங்கையில் இன்னொரு கொடுமையும் உண்டு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்காக வாப்பா வாழ்நாளெல்லாம் உழைக்கிறார். நானாமார் கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் காய்கிறார்கள். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். அடி விழும்போது வெளியே ஓடுவது யார்? யாருக்காகச் சுவர் எழுப்பினார்களோ அவளேதான்! தன் பெயரில் உறுதி எழுதிய வீட்டை விட்டுத் தானே ஓடிவர வேண்டிய நிலை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம் உண்டு. அதை நாம் அலட்சியம் செய்யவே கூடாது. அவள் பிரிந்து செல்ல முயலும் நேரமும், பிரிந்த உடனடிக் காலமும்தான் மிகவும் ஆபத்தானவை. தன் பிடி நழுவுகிறது என்று காணும்போதுதான் அவன் எதற்கும் துணிகிறான். ஆகவே அவளுடைய பயம் கோழைத்தனம் அல்ல. அவனை நன்றாக அறிந்தவள் அவள்தான்.

ஸப்ர் என்பது இதுவா?

"மார்க்கத்தில் பொறுமையைத்தானே சொல்லியிருக்கிறது" என்று சிலர் வாதாடுவார்கள். கணவனின் கைக்கு மார்க்கத்தில் அனுமதிச் சீட்டுத் தேடுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் அல்லாஹ்வின் தூதருடைய வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒருபோதும் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் கையால் அடித்ததில்லை என்று அறிவித்தவர்கள் ஆயிஷா (ரழி) அவர்கள். வீட்டுக்குள் கண்ட சாட்சி அது.

ஸாபித் இப்னு கைஸ் (ரழி) அவர்களின் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரழி) கணவர் அடித்துக் காயப்படுத்தியதனால் ஸுபஹு நேரத்தில் நபி (ஸல்) அவர்களின் வாசலுக்கு வந்தார் என்று ஹதீஸில் காண்கிறோம். அவரும் ஒரு கதவைத் தேடித்தான் வந்தார். அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. கணவரை அழைப்பித்து, மஹராகக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவரைப் பிரிந்துவிடும்படி பணித்தார்கள். இன்னொரு பெண்மணி, பாத்திமா பின்த் கைஸ் (ரழி), தம்மை மணக்கக் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அவர்களில் ஒருவர் பெண்களை அடிப்பவர் என்பதை நபியவர்கள் மறைக்காமல் எடுத்துச் சொன்னார்கள். நாமோ சம்பந்தம் பேசும்போது "நல்ல பிள்ளை" என்று மூடி மறைக்கிறோம்!

ஸப்ர் என்பது சோதனையில் ஈமானை இழக்காமல் நிற்பது. உயிரையும் உடலையும் ஒருவன் சிதைக்கக் கொடுத்துவிட்டு நிற்பதற்கு அந்தப் பெயர் சூட்டாதீர்கள்.

அவள் உங்களிடம் வந்தால்...

முதலில் கேளுங்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ என்ன சொன்னாய், அவன் ஏன் அடித்தான்?" என்ற கேள்வி வேண்டாம். "நான் உன்னை நம்புகிறேன். இது உன் தவறல்ல. நீ என்ன செய்ய நினைக்கிறாய்?" இந்த மூன்று வசனங்கள் போதும். பல வருடங்களாக எவரும் அவளிடம் சொல்லாத வார்த்தைகள் இவை.

அவள் சொன்னதை ஊருக்குச் சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தோடு கூட அவனிடம் போய், "நீ அடிக்கிறாயாமே?" என்று கேட்டு விடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு அதற்கான தண்டனை அவளுக்குத்தான் கிடைக்கும். இருவரையும் ஒரே பாயில் இருத்திச் சமரசம் பேசுவதும் அப்படித்தான். பக்கத்தில் அவன் இருக்கும்போது அவளால் எப்படி உண்மை பேச முடியும்? பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் இதைக் கவனிக்க வேண்டும். அவளைத் தனியாக, அவள் நம்பும் ஒரு பெண்ணின் துணையோடு விசாரிப்பதே முறை.

சில அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்க வேண்டாம். கழுத்தை நெரித்திருக்கிறான், கத்தியையோ மண்ணெண்ணெய்ப் போத்தலையோ காட்டியிருக்கிறான், கொன்றுவிடுவேன் என்கிறான், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அடிக்கிறான், போகுமிடமெல்லாம் பின்தொடர்கிறான் என்றால் உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். கழுத்து நெரிக்கப்பட்டால் வெளியில் தழும்பு தெரியாவிட்டாலும் உள்ளே பாதிப்பு இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

இன்றே வெளியேற முடியாத பெண்ணுக்கும் ஆயத்தம் தேவை. தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவுச் சான்றிதழ், வீட்டு உறுதியின் பிரதி, வங்கிப் புத்தகம், கிளினிக் புத்தகம், மருந்துகள், கொஞ்சம் காசு, பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுடுப்பு. இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துவிடலாம். அந்த வீடு உங்களுடையதாக இருக்கட்டும்.

முக்கியமான இலக்கங்களை மனப்பாடமாக வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். அவளுடைய தொலைபேசியை அவன் சோதிப்பான் என்றால் அதில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள். அடுத்த வீட்டாருடன் ஓர் அடையாளம் பேசி வைத்துக் கொள்ளலாம். மூத்த பிள்ளை வந்து "உம்மா சீனி கேட்டா" என்றால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது போல. சண்டை மூளும்போது கத்தியுள்ள குசினியையும், வெளிவாசல் இல்லாத அறையையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

திறந்திருக்கும் கதவுகள்

வைத்தியசாலை: காயம் சிறிதென்றாலும் அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று காட்டுவது நல்லது. "படியில் விழுந்தேன்" என்று சொல்ல வேண்டாம். நடந்ததைச் சொன்னால் அது பதிவாகும். நாளை வழக்கில் அந்தப் பதிவே பேசும். பல அரசாங்க வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இயங்குகிறது. சிங்களத்தில் 'மிதுறு பியச' என்பார்கள். இத்தகைய பெண்களைத் தனியாகச் சந்தித்து ஆலோசனை கூறி, தேவையான இடங்களுக்கு வழிகாட்டுவதே அதன் வேலை.

பொலிஸ்: அவசரத்துக்கு 119. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் முறைப்பாடு செய்யலாம். "வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக இருங்கள்" என்று அனுப்பப் பார்த்தால், முறைப்பாட்டைப் பதிந்து இலக்கத்தைத் தரும்படி பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். தனியே போக விடாதீர்கள். கூடவே போங்கள்.

நீதவான் நீதிமன்றம்: 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்நாட்டின் எல்லா இனத்தவருக்கும் மதத்தவருக்கும் பொதுவானது. இதைப் பலர் அறியவில்லை. பாதிக்கப்பட்டவர் தானே விண்ணப்பிக்கலாம். அவருக்காகப் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். அவசர நிலை என்று நீதவான் கண்டால் உடனேயே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். பதினான்கு நாட்களுக்குள் விசாரணைக்குத் திகதி இடப்படும். விசாரணைக்குப் பின் வழங்கப்படும் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கலாம். அடிக்கவோ தொடர்பு கொள்ளவோ கூடாது, அவளுடைய வீட்டுக்குள்ளோ வேலைத்தலத்துக்குள்ளோ நுழையக் கூடாது என்றெல்லாம் அதில் தடை விதிக்க முடியும். மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓடிவர வேண்டியவள் அவள்தான் என்ற நிலையை மாற்ற இச்சட்டத்தில் வழி இருக்கிறது.

இதற்கு விவாகரத்துத் தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். "எனக்குத் தலாக் வேண்டாம், அடி நின்றால் போதும்" என்று சொல்லும் பெண்ணும் இந்தக் கட்டளையைக் கேட்கலாம். மாமியாலோ மாமனாலோ கொடுமைப்படுபவரும் கேட்கலாம். மகனிடம் அடிவாங்கும் வயதான உம்மாவும் கேட்கலாம்!

காதி நீதிமன்றம்: பிரிந்துவிடத் தீர்மானித்தால், 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, கணவனின் கொடுமையைக் காரணம் காட்டி அவன் சம்மதமின்றியே பஸஹ் கோரலாம். தனக்கும் பிள்ளைகளுக்குமான தாபரிப்பு, மஹர், சீதனமாகக் கொடுத்த கைக்கூலி ஆகியவற்றையும் அங்கே கோரலாம். அச்சட்டம் காதி முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்றி வாதாட இடம் வைக்கவில்லை. எனவே அவள் தன் கதையைத் தானே, ஆண்கள் நிறைந்த அறையில் சொல்ல வேண்டியிருக்கும். முன்கூட்டியே திகதி வாரியாக எழுதி ஆயத்தம் செய்ய உதவுங்கள்.

இங்கே உங்களிடம் ஒரு கேள்வி. பஸஹ் வழக்கில் சாட்சி தேவை. அவளுடைய அலறலை வேலிக்கு இப்பால் நின்று கேட்டவர் நீங்கள். மறுநாள் அவளுடைய கண்ணைக் கண்டவரும் நீங்கள். 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கி விடுவீர்களா? சாட்சியத்தை மறைப்பதை நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இவை தவிர, பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938. பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் 1929. வழக்குச் செலவுக்கு வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். 1987 இல் ஆரம்பிக்கப்பட்ட 'விமன் இன் நீட்' போன்ற அமைப்புகளும் ஆலோசனையும் சட்ட உதவியும் வழங்குகின்றன.

அவள் திரும்பிப் போனால்?

இதற்கும் ஆயத்தமாக இருங்கள். நீங்கள் இரவெல்லாம் விழித்திருந்து உதவி செய்த பிறகு, ஒரு வாரத்தில் அவள் அவனிடமே போய் விடலாம். பல பெண்கள் ஒரே தடவையில் வெளியேறி விடுவதில்லை. அப்போது "இனி என் வாசலை மிதிக்காதே" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். அவன் எதிர்பார்ப்பதே அதைத்தான். "எப்போது வந்தாலும் இந்தக் கதவு திறந்திருக்கும்" என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்த தடவை அவள் உயிரோடு வந்து சேர அந்த வார்த்தை உதவும்.

அவள் நிரந்தரமாக வந்துவிட்டாலும் வேலை முடிவதில்லை. முதல் மாதம் எல்லோரும் இரங்குவார்கள். மூன்றாம் மாதம் நானாவின் மனைவி முகம் சுளிப்பா. பிள்ளைகளின் பாடசாலை மாற்றம், காதி நீதிமன்றத் தவணை, பால்மாச் செலவு என்று சுமைகள் வரிசையாக வரும். ஒரு தையல் மெஷின், தவணை நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், கல்யாண வீட்டுக்கு வழக்கம்போல ஓர் அழைப்பு. இவையெல்லாம் சிறியவைதான். ஆனால் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தவளுக்கு இவையே ஊன்றுகோல்.

அந்தப் பிள்ளைகளையும் மறந்து விடாதீர்கள். உம்மா அடிவாங்குவதைக் கதவிடுக்கில் பார்த்து வளரும் மகன் என்ன கற்றுக்கொள்வான்? மகள் என்ன கற்றுக்கொள்வாள்? நம் ஆண் பிள்ளைகளை வளர்ப்பதும் நாம்தானே! தங்கச்சிக்குக் கை ஓங்கும்போது "ஆம்பிளைப் பிள்ளை" என்று சிரித்து விடும் உம்மா, இன்னொரு வீட்டின் கண்ணீருக்கு அன்றே விதை போடுகிறாள்.

சகோதரியே! இதை வாசிக்கும் நீங்களே அந்தப் பெண்ணாக இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவர் வரும் முன் மூடி வைக்க வேண்டிய நிலையில் இருக்கலாம். உங்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் தனியாக இல்லை. இது உங்கள் தவறும் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ஒருவர் செவிசாய்க்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1938 என்ற நான்கு இலக்கத்தை நினைவில் வையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உறங்கப் போகும் முன் உங்கள் மகளுக்கோ தங்கச்சிக்கோ ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "உனக்கு என்ன நேர்ந்தாலும், எத்தனை மணிக்கு வந்தாலும், இந்தக் கதவைத் தட்டு." அவள் ஒருநாளும் தட்ட வேண்டிய தேவை ஏற்படாமல் அல்லாஹ் பாதுகாப்பானாக. தட்டினால், திறப்பதற்குரிய துணிவை நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.